பெட்டிக்குள் வந்த மைதானம்

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி இரவு போடிநாயக்கனூரில் ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை என்று நாம் எழுதினால், அது பத்திரிகைக்காரர் செய்யும் மிகையாகும். நமது வீட்டில் அணையவில்லை, அவ்வளவு நிச்சயம். நவி மும்பையில் மழையினால் தாமதித்துத் தொடங்கிய பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. இந்தியாவுக்கு 298 ஓட்டங்கள், தென்னாப்பிரிக்காவுக்கு 246. தீப்தி சர்மா வீசி, மேலே கிளம்பிய கடைசிப் பந்தை ஹர்மன்பிரீத் கௌர் பின்னோக்கி ஓடிப் பிடித்தாரே, அந்தக் கணத்தில் நம் தங்கை எழுந்து நின்று விட்டாள். மூட்டு வலி காரணமாக அன்று மாலை காப்பி டம்ளரைக்கூட நாற்காலிக்கே வரவழைத்தவள்!

மறுநாள் காலை நாம் எழுத உட்கார்ந்தது என்னவோ வழக்கமான கட்டுரைதான். நேயர்களுக்கு அது மனப்பாடமாயிருக்கும். "அந்தக் காலத்தில் நாங்கள் விளையாடினோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாட்டைப் பார்க்கிறார்கள்." அறுபது வயது தாண்டிய ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இதன் பிரதி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாமும் நம்முடையதை எடுத்து விரித்தோம்.

போடி என்பது மலையின் காலடியில் கிடக்கும் ஊர். தெருமுனையில் நின்று மேற்கே பார்த்தால் மலை; மலைக்கு மேலே போடிமெட்டு; அதற்கப்பால் ஏலக்காய்த் தோட்டங்கள். 1960-க்குப் பிந்திய வருஷங்களில் பள்ளிக்கூட மணி அடித்ததும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவது. கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வந்தால் குளியல். வராவிட்டால் அந்த மணலே சடுகுடு மைதானம். கோடையில் இலவங்காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சைக் கிழிந்த துணியில் திணித்துச் சணலால் இறுகச் சுற்றினால் பந்து. தென்னை மட்டையைச் செதுக்கினால் பேட். நமது தகப்பனாருக்கு ஆற்றோரத்தில் ஒரு சிறு புளியந்தோப்பு இருந்தது. பந்து மரத்தில் பட்டுக் கீழே விழுந்தால் நான்கு ஓட்டம் என்று சட்டம் செய்திருந்தோம். மரத்திலேயே தங்கிவிட்டால் ஆட்டக்காரன் அவுட்டா இல்லையா என்பது இன்றுவரை தீராத வியாஜ்யம்.

விடுமுறை நாட்களில் குரங்கணிப் பக்கம் நடப்போம். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக அந்தப் பக்கந்தான் இறங்கியது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதைக் கேட்டு, ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் துருப்பிடித்த சக்கரம் ஒன்றைத் தேடுவோம். எங்கே போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்க ஒருவருக்கும் ஒழியவில்லை என்பதும் உண்மை.

கிரிக்கெட் நமக்குக் காது வழியாக வந்த விளையாட்டு. பிற்காலத்தில் அப்துல் ஜப்பார் அகில இந்திய ரேடியோவில் தமிழிலேயே ஆட்டத்தை வர்ணித்தபோது, டீக்கடை வாசலில் நின்றவர்கள் மைதானத்தில் நின்றார்கள். 1983-ஆம் வருஷம் ஜூன் 18-ந் தேதி டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஆங்கில ஊரில், ஐந்து பேர் 17 ஓட்டத்துக்குள் தொலைந்த பிறகு, கபில் தேவ் தனியாளாய் 175 அடித்துக் கடைசிவரை நின்றார். அந்த ஆட்டம் டெலிவிஷனில் வரவில்லை. அதற்குச் சலனப்படமும் கிடையாது. ஆகவே போடியில் ஒவ்வொரு பையனும் அந்த 175-ஐத் தன் இஷ்டப்படி அடித்துக் கொண்டான். ஒருவன் இடது கையாலேயே அடித்தான்.

பெட்டி அப்போதே வாசலுக்கு வந்துவிட்டது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-லேயே தொடங்கியும் தென்கோடிக்கு எட்டவில்லை. கடல் கடந்த இலங்கையில் 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியதும் தென் ஜில்லாக்களில் மொட்டை மாடிதோறும் உயரமான ஆண்டெனாக்கள் முளைத்தன. பின்னர் கொடைக்கானல் மலையில் நிலையம் ஏற்பட்டது. காற்றடித்தால் ஆண்டெனா திரும்பும். பிட்ச் முழுவதும் பனி பெய்யும். உடனே ஒரு பையனை மாடிக்கு அனுப்புவார்கள். "வந்துருச்சா?" என்று அவன் மேலிருந்து கேட்பான், "இன்னும் கொஞ்சம் திருப்புடா!" என்று கூடமே கூவும். ஊரார் ஆட்டம் பார்த்தார்கள். அவன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தான்.

பிறகு பணம் வந்தது. வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்று மத்திய சர்க்காருடன் வழக்காட, ஆகாயத்தில் செல்லும் அலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பொதுச் சொத்தின் வழியே வரும் ஐ.பி.எல். ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை, 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விலை போயிற்று. மொத்தம் 410 ஆட்டங்கள். ஆட்டம் ஒன்றுக்கு 118 கோடி. புளிய மரத்தில் தங்கிய நம் பந்தை நினைத்தோம்.

இவ்வளவும் எழுதித் தங்கைக்குப் படித்துக் காட்டினோம். முதல் நேயர் எப்போதும் அவளே. கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, அண்ணே. ஆனா நான் எங்கே?"

"எங்கே என்றால்?"

"நீங்க தோப்புல விளையாடினீங்க. ஆத்துல குளிச்சீங்க. அப்ப நான் எங்கே இருந்தேன்?"

நாம் யோசித்தோம். யோசிக்க வேண்டியிருந்ததே வெட்கமாயிருந்தது. தகப்பனார் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதினார். சீசனில் மண்டியிலிருந்து மூட்டை வீட்டுக்கு வரும். அம்மாவும் தங்கையும் முறத்தில் கொட்டித் தரம் பிரிப்பார்கள்: நல்ல பச்சையும் பருமனும் ஒரு குவியல், வெளுத்தது ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல். ஒன்பது வயதில் முறத்தின் முன் உட்கார்ந்தவள் அவள். பன்னிரண்டுக்குப் பிறகு திண்ணையும் விலக்காயிற்று, பல்லாங்குழி கூடத்துக்குள்ளே. ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்த மலை எவ்வளவோ அவ்வளவுதான் அவளுடைய மலை. நாம் ‘சுதந்திரமான பால்யம்’ என்று எழுதியதெல்லாம் வீட்டில் பாதிப் பேருடைய பால்யம். தோட்டத்துக்கு மலையேறிய கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தால் பாதியும் தேறாது. தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு ஆட்டத்தை ஓரமாய் நின்று பார்த்த பையன்கள் இருவர் முகம் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது.

"ஒரு நாள் உங்களைச் சாப்பிடக் கூப்பிட அம்மா அனுப்பிச்சாங்க," என்றாள் தங்கை. "பந்து எங்கிட்ட உருண்டு வந்துச்சு. எறிடின்னு சொன்னீங்க. எறிஞ்சேன். ஸ்டம்பு விழுந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் என்னை எறியச் சொல்லலை."

நமக்கு இது மறந்தே போயிருந்தது. அவளுக்கு ஐம்பத்தைந்து வருஷமாய் நினைவிருக்கிறது. "இந்தப் பொட்டி வந்த பிறகுதான் அண்ணே, நான் ஒரு ஆட்டத்தை முழுசா பார்த்தேன்," என்றும் சொன்னாள். பெட்டியைப் பழித்து எழுதியிருந்த இரண்டு பாராக்களை நாம் அங்கேயே அடித்துவிட்டோம்.

ஆனால் பேரனைப் பற்றிய பாராவை அடிக்க மனம் வரவில்லை. பன்னிரண்டு வயது. எந்த ஆட்டக்காரர் எந்த ஏலத்தில் எத்தனை கோடிக்குப் போனார் என்று ஒப்பிப்பான். போடிக்காரன் ஏலத்தை அறிவதில் ஆச்சரியமில்லை. அவனை வெளியே போய் விளையாடு என்கிறோம். எங்கே? ஆற்றுக்குப் போகாதே என்பதும் நாமே. தெருவில் ஆடாதே என்பதும் நாமே; விடியலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டுக்கு விரையும் ஜீப்புகள் மாலையில் அதே வேகத்தில் இறங்குகின்றன. மலைப் பக்கம் பேச்சே இல்லை. 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணிக் காட்டில் மூண்ட தீயில், மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் மடிந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே நம் மருமகள் எழுந்து உள்ளே போய்விடுவாள். மதுரை ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப் பாதையாக்கி 2023 ஜூன் 15-ல் மறுபடி வருகிறவரை, பிள்ளைகளுக்கு ஸ்டேஷன் பக்கத்து வெற்றிடமாவது இருந்தது. ரயில் வந்ததில் நமக்குச் சந்தோஷமே. பையன்களைக் கேட்டுப் பார்க்கவில்லை.

புளியந்தோப்பை விட்டுவிட்டோமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். அது இப்போது மனைகளாய் இருக்கிறது. விற்றவர் வேறு யாருமில்லை. 2004-ல் மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது; கையெழுத்திட்டபோது மரங்களை எண்ணினோம், பையன்களை எண்ணவில்லை. ஆகாயம் பொதுச் சொத்தென்று தீர்ப்பாகி ஒன்பது வருஷம் கழித்து, இருந்த தரையைப் பட்டா போட்டு விற்ற கூட்டத்தில் நாமும் ஒருவர்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கையின் பேத்தி, பத்து வயதுச் சிறுமி, உலகக் கோப்பை பார்த்த வேகத்தில் ரப்பர்ப் பந்தும் மட்டையுமாய்க் கிளம்பினாள். பின்னாலேயே நம் பேரன். அவன் பின்னால் தெருப் பிள்ளைகள் நால்வர். தோப்பிருந்த இடத்தில் இன்னும் வீடு கட்டாத மனை ஒன்று பாக்கியிருக்கிறது. தங்கை பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஓரமாய் உட்கார்ந்து, தானே அம்பயர் என்று அறிவித்தாள். மூன்றாவது ஓவரில் சிறுமி அடித்த பந்து பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டி உள்ளே விழுந்தது. கம்பிக் கதவில் நாய் எச்சரிக்கைப் பலகை தொங்கியது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணே," என்றாள் தங்கை, "மனையை அவங்களுக்கு வித்தது நீங்கதானே? நீங்களே போய்ப் பந்தைக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

போனோம்.