பழைய கொலுசுக்கு என்ன விலை?

குட்டீஸ்! 2025 அக்டோபரில், சென்னையில் ஒரு கிராம் வெள்ளி 200 ரூபாயைத் தாண்டியது. சோலார் பேனல்களுக்கு வெள்ளி அதிகம் தேவைப்பட்டதும் ஒரு காரணம். விலை ஏறினால், பழைய கொலுசை விற்கத் தோன்றும். ஆனால், எடைக்கேற்ற முழுப்பணம் கிடைக்காது. ஏன் தெரியுமா?

வெள்ளியில் உறுதிக்காகச் செம்பு கலப்பார்கள். '925' தரம் என்றால், 100 கிராமில் 92.5 கிராம்தான் வெள்ளி. வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரமும் திரும்ப வராது.

கடைக்காரர் அன்றைய விலையைவிடக் குறைத்து வாங்குவார். உருக்கிச் சுத்தம் செய்து, கூடுதல் விலைக்கு விற்பார். செலவு போக மிஞ்சுவதே அவர் லாபம். அது தவறல்ல, வியாபாரம்.

பழைய கொலுசில் பெரும்பாலும் ஹால்மார்க் முத்திரை இருக்காது. தரத்தைச் சொல்பவரும் வாங்குபவரே! எனவே, இரண்டு, மூன்று கடைகளில் எடை, தரம், விலையை விசாரிக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள், சரியா?