ரெஸ்ட்: பெயர்ப்பலகை மட்டும் போதுமா?

இணையச் செயலி எழுதும் எந்தக் குழுவைக் கேட்டாலும், "எங்களுடையது ரெஸ்ட் ஏபிஐ" என்பார்கள். ஒரு யூஆர்எல் இருக்கிறது, கேட்டால் ஜேசான் வருகிறது. அவ்வளவுதான் தகுதி! கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்தால் பார்ப்பதற்கும் கெட், அழிப்பதற்கும் கெட். வேலை நடந்தாலும் 200, நடக்காவிட்டாலும் 200. "பெயரில் என்ன இருக்கிறது, இதனால் என்ன குடி முழுகிவிட்டது?" என்று கேட்பவர்கள் உண்டு. குடி முழுகும். ஒருமுறை முழுகியும் இருக்கிறது.

முதலில் பெயரின் கதை. ராய் ஃபீல்டிங் 2000-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் ரெஸ்ட் விளக்கப்பட்டது. ஹெச்டிடிபி 1.1 வரையறையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் புதுச் சரக்கு எதையும் விற்க வரவில்லை. வலை இவ்வளவு பெரிதாக வளர்ந்தும் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் சொன்னார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி, எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் சில பொதுவான வினைகள். ஹெச்டிடிபியில் கெட் என்றால் பார்ப்பது மட்டும். புட் என்றால் இந்த முகவரியில் இதை வை. டெலிட் என்றால் நீக்கு. போஸ்ட் என்றால் இதை வாங்கிக்கொண்டு உன் முறைப்படி செய்.

இந்தப் பொதுப் பொருளை மதிக்காவிட்டால் என்ன ஆகும்? 2005 மே மாதம் கூகுள் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒருவர் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள சுட்டிகளை அது முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். பேஸ்கேம்ப் போன்ற செயலிகளில் 'அழி' என்பதும் ஒரு சாதாரணச் சுட்டிதான். மென்பொருள் அதையும் எடுத்துப் பார்த்தது. பயனர்களின் தகவல்கள் அழிந்துபோயின. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் காவலும் பயன்படவில்லை, ஏனென்றால் முன்கூட்டி எடுக்கும் மென்பொருள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை.

உடனே வசவெல்லாம் கூகுளுக்கு! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தகவலை எடுப்பதைத் தவிர கெட் வேறு காரியம் செய்யலாகாது என்று 1999-இலேயே ஆர்எஃப்சி 2616 எழுதி வைத்திருந்தது. பேஸ்கேம்பிலிருந்து பிறந்த ரூபி ஆன் ரெயில்ஸ் இதில் பிறகு நல்ல பாதைக்கு வந்தது. 2007 ஜனவரியில் வந்த ரெயில்ஸ் 1.2, ரெஸ்ட் பாணியைத் தன் வழியாகவே ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். ஏபிஐ என்பது சர்வருக்கும் அதே குழு எழுதிய செயலிக்கும் மட்டுமான ரகசிய ஒப்பந்தம் அல்ல. நடுவில் கேஷ் இருக்கிறது, ப்ராக்ஸி இருக்கிறது, தேடுபொறியின் ஊர்வான் இருக்கிறது. அவற்றுக்கு உங்கள் செயலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வினையை மட்டும் பார்த்து நம்புகின்றன.

அடுத்து பணம். ஓடும் ரயிலில் ஒருவர் கைப்பேசியில் பணம் அனுப்புகிறார். கோரிக்கை சர்வருக்குப் போய்விட்டது, பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. செயலி மறுபடி அனுப்பலாமா? புட், டெலிட் இரண்டையும் எத்தனை முறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பிய விளைவே இருக்க வேண்டும் என்பது விதி. போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது. அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே தர வேண்டும். இதை யோசிக்காமல் எல்லாவற்றையும் போஸ்டில் தள்ளுபவர் விளையாடுவது அடுத்தவர் காசோடு.

தவறு நடந்தாலும் 200 அனுப்பும் பழக்கம் இன்னும் மோசம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உறைக்குள் சாவுச் செய்தியை வைத்து அனுப்புவது போன்றது இது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. கேஷோ அந்தத் தவறான பதிலையே நல்ல பதிலாக நினைத்துச் சேமித்து அடுத்தவருக்கும் கொடுக்கிறது. 404, 409, 503 எல்லாம் அலங்காரத்துக்கு வைத்த எண்களா?

சேவையை எழுதுபவரை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை, பயன்படுத்துபவரும் சளைத்தவர் அல்ல. மாறாத தகவலை ஐந்து நொடிக்கு ஒருமுறை முழுதாக இறக்குகிறார். ஈடேக்கைத் திருப்பி அனுப்பினால் "மாறவில்லை" என்று 304 வந்துவிடும், உள்ளடக்கம் பயணிக்கவே வேண்டாம். 429 வந்தால் "பொறு" என்று பொருள், 2012-இன் ஆர்எஃப்சி 6585 தந்த எண் அது. எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதும் பல சமயம் ரிட்ரை-ஆஃப்டர் வரியில் இருக்கும். அதைப் படிக்காமல் மேலும் வேகமாகத் தட்டுவது, கூட்டத்தில் சிக்கிய கதவை எல்லோரும் சேர்ந்து தள்ளுவது போலத்தான்.

"இதெல்லாம் மடி ஆசாரம்" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. முழு ஆசாரம் யாரும் கேட்கவில்லை. ஹெச்டிடிபியில் ஓடுவதெல்லாம் ரெஸ்ட் என்று அழைக்கப்படுவதைக் கண்டு 2008 அக்டோபரில் ஃபீல்டிங்கே எரிச்சலோடு எழுதினார். அடுத்து எங்கே போகலாம் என்பதற்கான இணைப்புகளையும் பதிலே தர வேண்டும் என்பது அவர் அளவுகோல். அந்த உயரத்தை எட்டிய சேவைகள் குறைவு, எட்டாததால் உலகம் அழியவில்லை. ஆனால் வினைகளையும் நிலை எண்களையும் மதிப்பது ஆசாரம் அல்ல, சாலையில் இடப்பக்கம் போவது போன்ற ஒழுங்கு. அது வேண்டாம் என்றால் ஜேசான்-ஆர்பிசி இருக்கிறது, 2015-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கிராஃப்க்யூஎல் இருக்கிறது. அவை தங்களை ரெஸ்ட் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த நேர்மை போதும்.

ரெஸ்ட் என்று பலகை மாட்டியவர்கள் ஒன்று யோசித்துப் பார்க்கட்டும். இன்று இரவு ஒரு மென்பொருள் வந்து, உங்கள் சேவையின் எல்லா கெட் முகவரிகளையும் ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்க்கிறது. காலையில் ஒரு பயனரின் தகவல்கூடக் காணாமல் போயிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் முதலில் சேவையைத் திருத்துங்கள், பலகையைப் பிறகு மாட்டலாம்.