இழுப்பு நோயும் மருந்து விலையும்

2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் பதினோரு வகைகளுக்கு விதித்திருந்த உச்ச விலையை நூற்றுக்கு 50 வீதம் உயர்த்தியது. அவற்றுள் ஒன்று ஸால்புடமால். இழுப்பு என்று நம் ஜனங்கள் கூறும் ஆஸ்துமா நோயால் மூச்சு முட்டித் தவிப்பவனுக்கு உடனடியாக ஆசுவாசம் தரும் மருந்து அது. அதன் 2, 4 மில்லிகிராம் மாத்திரைகளும், நெபுலைசரில் இட்டுச் சுவாசிக்கும் திரவமும் இவ்வுயர்வுக்கு உட்பட்டன. நடந்து முடிந்த விஷயத்தை இப்பொழுது எடுத்துப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். உத்தரவு பழையதாகலாம், மாதந்தோறும் மருந்துக் கடை வாசலில் நிற்பவனுக்கு விலை ஒவ்வொரு மாதமும் புதியதுதான்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைப்பது நமது வழக்கமன்று. 2013-ஆம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவின் 19-வது பாரா, அசாதாரண சந்தர்ப்பங்களில் பொது நன்மையை முன்னிட்டு விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளிக்கிறது. மூலப்பொருள்களின் விலை ஏறிவிட்டது, அந்நியச் செலாவணி விகிதம் மாறிவிட்டது, பழைய விலைக்கு உற்பத்தி செய்தால் கட்டுபடியாகவில்லை என்று உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். அகப்படாத மலிவு மருந்தினும் அகப்படும் மருந்தே மேல் என்று ஆணையம் கருதியது. 2019-லும் 2021-லும் வேறு சில மருந்துகளுக்கு இவ்வாறே செய்யப்பட்டது. இவ்வாதத்தை நாம் அடியோடு தள்ளிவிடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். பொது நன்மைக்காகவே விலை உயர வேண்டுமெனில், அவ்வுயர்வைப் பொதுப் பொக்கிஷம் சுமக்க வேண்டாமா? மூச்சுக்குத் திணறுகிறவன் தலையில் மட்டும் அதை இறக்குவது எந்த நீதியின்பாற் பட்டது?

இதனினும் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. ஸால்புடமால் நெருக்கடி நேரத்தில் மூச்சுக் குழலை விரிக்குமேயன்றி, குழலின் உட்புறத்து அழற்சியைத் தணிக்காது. அதைத் தணிப்பது, பியூடெஸனைட் போன்ற ஸ்டீராய்ட் மருந்தை இன்ஹேலர் மூலம் தினந்தோறும் உட்கொள்வதே. ஸால்புடமால் வகை மருந்தை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்தல் கூடாதென்று, ஆஸ்துமாவுக்கான உலக வைத்திய நிபுணர் குழு 2019-லேயே அறிவித்துவிட்டது. தடுப்பு மருந்தோ மாத்திரையினும் பன்மடங்கு விலையுள்ளது. கையில் காசு குறையும் மாதத்தில் முதலில் நிற்பதும் அதுவே. ஏனெனில், இன்று நிறுத்தினால் இன்றே மூச்சு முட்டுவதில்லை. உலகத்து ஆஸ்துமா நோயாளரில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் நம் தேசத்தவர் என்றும், அந்நோயால் நேரும் மரணங்களிலோ நம் பங்கு நூற்றுக்கு 40-க்கும் மேல் என்றும் சர்வதேச ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். இந்த ஏற்றத்தாழ்வின் இரகசியத்தில் ஒரு பகுதி மருந்துக் கடைச் சீட்டிலேயே இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டிகளும் கண்ணாடியும் டெலிபோன் கருவிகளும் அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. வண்ணப்பூச்சுத் தெளிப்பில் வழங்கும் ஐஸோஸயனேட் என்னும் இரசாயனம் இழுப்பு நோயை உண்டாக்கவல்லது என்பது வைத்திய உலகம் அறிந்ததே. அதனால் விளையும் நஞ்சை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், சர்க்காருக்கு அறிவித்தே தீரவேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. இத்தகைய வேலை செய்வோருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லையா என்றால், உண்டு. ஆனால் எல்லோருக்கும் இல்லை. அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி அமர்த்தப்படும் வாலிபர் அதில் சேரார். 2017 ஜனவரியில் வகுத்த 21,000 ரூபாய் வரம்பைச் சம்பளம் சிறிது தாண்டினால், சந்தாக் காலம் முடிந்ததும் தொழிலாளி மட்டுமன்றி அவன் மனைவி மக்களும் பெற்றோரும் வெளியே நிற்க நேர்ந்தது. சில நூறு ரூபாய் சம்பள உயர்வு, இழுப்புள்ள குழந்தையின் தகப்பனுக்கு நஷ்டக் கணக்காய் முடிவது விபரீதமன்றோ?

சர்க்கார்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறோம். மருந்துகளின் மீதான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பரில் 12 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைந்தது. மத்திய சர்க்காரின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டு சர்க்கார் 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இவை யாவும் நன்றே. எனினும், ஆயுட்காலம் முழுவதும் வாங்க வேண்டிய மருந்து மலிந்தால் மட்டும் போதாது. வறியவனுக்கு அது விலையின்றிக் கிடைக்க வேண்டும்.

அதற்கு வழியும் நம்மிடமே இருக்கிறது. 1994-ல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாக டெண்டர் மூலம் வாங்கி, தரத்தைச் சோதித்து, அரசாங்க வைத்தியசாலைகளுக்கு மருந்து வழங்குவதில் பிற மாகாணங்களுக்கு வழிகாட்டியாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து கொடுக்கிறது. அந்தப் பையில் இழுப்பு நோய்க்கான தடுப்பு இன்ஹேலரும் ஏன் இடம்பெறக் கூடாது? இப்பிரதேசத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அது எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும். 19-வது பாராவின்படி விலையை உயர்த்தும் பொழுதெல்லாம், இலவச விநியோகத்துக்கான தொகையை மத்திய சர்க்கார் அதற்கேற்ப உயர்த்தித் தருவதும் கடமையாகும். ஈ.எஸ்.ஐ.க்குப் புறம்பான தொழிலாளரின் மருந்துச் செலவை முதலாளிகள் ஏற்க வேண்டும்.

செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலேயே, செனட் சபைக் கமிட்டியொன்று விசாரிக்கத் தொடங்கிய பின், நோயாளி மாதந்தோறும் இன்ஹேலருக்குக் கைப்பணம் கொடுப்பது 35 டாலருக்கு மேற்படாது என்று பெரிய கம்பெனிகள் மூன்று 2024-ல் அறிவித்தன. கேட்டதனால் கிடைத்தது. நம் பிரதிநிதிகளும் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் கேட்பார்களாக. காற்றை விலைக்கு விற்பாரில்லை; அதை உள்ளே இழுப்பதற்கு ஓர் ஏழைத் தொழிலாளி மாதந்தோறும் விலை கொடுக்கும் நிலைமை நீடித்தல் தகாது.