வெள்ளம் கோடு பார்த்து வருமா? அமெரிக்கக் காப்பீட்டில் என்ன சிக்கல்?

‘நூறாண்டு வெள்ளம்’ என்றதும் என்ன தோணும்? நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், போன வருஷமே வந்துடுச்சு, இனி நம்ம காலத்தில் வராது! அமெரிக்காவிலும் பலர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில், ஒவ்வோர் ஆண்டும் அப்படியொரு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். போன வருஷம் வந்திருந்தாலும் இந்த வருஷம் அதே 1 சதவீதம்தான். 30 ஆண்டு வீட்டுக்கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலில் ஒன்று!

இந்த 1 சதவீதத்தை வைத்துத்தான் அங்கே வரைபடத்தில் கோடு போடுகிறார்கள். போடுவது, 1968-ல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் ‘ஃபெமா’ என்ற மத்தியப் பேரிடர் முகமை. கோட்டுக்கு உள்ளே இருக்கும் வீட்டின் மீது வங்கிக் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். வெளியே என்றால் அவரவர் இஷ்டம். பிரீமியமும் பெரும்பாலும் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது, வெள்ள மட்டத்தைவிடத் தளம் எவ்வளவு உயரம் என்பதை வைத்தே முடிவானது.

தண்ணிக்குக் கோடு தெரியுமா என்ன? 2017-ல் ஹார்வி புயலின்போது, ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுன்ட்டியில் 1.5 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கோட்டுக்கு வெளியே இருந்தவை. ஆறும் கடலும் பொங்குவதைக் காட்டும் வரைபடம், கொட்டிய மழை வடியாமல் தெருவில் தேங்குவதைச் சரியாகக் காட்டாது. அதே ஆண்டு, இந்தத் திட்டத்தின் கடனில் 1,600 கோடி டாலரை அந்நாட்டு நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. அப்புறமும் 2,000 கோடி டாலருக்கு மேல் பாக்கி.

2021 அக்டோபரில் ‘ரிஸ்க் ரேட்டிங் 2.0’ வந்தது. வீட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம், எந்தெந்த வகை வெள்ளம் வரும், எத்தனை முறை வரும், அஸ்திவாரம் எப்படி, திரும்பக் கட்ட என்ன செலவு என்று வீடு வீடாகக் கணக்குப் போடும் முறை இது. கடைசியாகச் சொன்னதுதான் என் பார்வையில் பெரிய மாற்றம். பழைய முறை கட்டுமானச் செலவைச் சரியாகப் பார்க்காததால், சின்ன வீட்டுக்காரர் கட்டிய பணம் பங்களாக்காரரின் பிரீமியத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பும் கிளம்பியது. சுமார் 77 சதவீத பாலிசிதாரர்களுக்குக் கட்டணம் கூடியது. பெரும்பாலானோருக்கு மாதம் 10 டாலருக்குள்தான். குடியிருக்கும் வீடு என்றால் பொதுவாக ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. ஆனாலும் லூசியானா உள்ளிட்ட 10 மாநிலங்கள் 2023-ல் வழக்குத் தொடுத்தன.

அவர்கள் கவலை நியாயமானதுதான். பென்ஷனில் வாழும் ஒருவர் வருஷா வருஷம் ஏறும் தொகையை எங்கிருந்து கட்டுவார்? வங்கிக் கடன் இல்லாதவர் பாலிசியையே விட்டுவிடுவார். அடுத்த வெள்ளத்தில் கையில் ஒன்றும் இருக்காது. ஆனால், அதற்காக விலையைச் செயற்கையாகக் குறைத்தால், நாளைக்கு அந்த வீட்டை வாங்க வருபவருக்கு ஆபத்து எப்படித் தெரியும்? பிரீமியம் உண்மையைச் சொல்லட்டும். கட்ட முடியாதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்து அரசு தனியாக உதவட்டும். ஃபெமாவே 2022-ல் நாடாளுமன்றத்திடம் இப்படியோர் உதவித் திட்டத்தைக் கேட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை: பிரீமியம்தான் கோட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறது. யாருக்குக் காப்பீடு கட்டாயம் என்பதை இன்றும் அந்தப் பழைய கோடுதான் முடிவு செய்கிறது.