மெய்யெண்களும் நமது பாடசாலைகளும்

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவனை அழைத்து, "ஏழு என்பது விகிதமுறு எண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை, அது இயல் எண்" என்று சொல்லும் பிள்ளைகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருவனைத் தமிழனா என்று கேட்க, "இல்லை, அவன் மதுரைக்காரன்" என்று விடை சொல்வதை ஒத்தது இது. குற்றம் பிள்ளையுடையதன்று. இயல் எண், முழு எண், முழுக்கள், விகிதமுறு எண், மெய்யெண் என்னும் பெயர்களைத் தனித்தனியே நெட்டுருப் போடச் செய்து, ஒன்றனுள் ஒன்று அடங்கி நிற்பதைக் காட்டாது விட்ட போதனா முறையின் குற்றமேயாகும்.

பெயர்க் குழப்பமும் சிறிதன்று. இயல் எண்களோடு 0 சேர்ந்தால் 'முழு எண்கள்'. குறை எண்களும் சேர்ந்தால் 'முழுக்கள்'. இளம் பிள்ளை இவ்விரண்டையும் எங்ஙனம் பிரித்தறிவான்? இலங்கைத் தமிழர் பின்னதை 'நிறைவெண்கள்' என்பர். அதை நாமும் கைக்கொண்டால் என்ன மானக்குறைவு வந்துவிடும்?

ஆயினும் பெயரை மாற்றுவதோடு காரியம் முடிந்துவிடாது. ஒவ்வோர் எண் கூட்டமும் ஒரு தேவையினாற் பிறந்ததென்பதைப் பிள்ளை உணரவேண்டும். 3-லிருந்து 5-ஐக் கழிக்க இயல் எண்களில் வழியில்லை. கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் தனம், ருணம், சூனியம் மூன்றுக்கும் விதி வகுத்தார்; கடன் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். பின்னமோ, அரை, கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று திண்ணையில் ஒப்பித்த மரபினருக்குப் புதிதன்று.

இடறும் இடம் இனிமேல்தான். பக்கம் 1 முழமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் எவ்வளவு? சுல்ப சூத்திரக்காரர் தந்த அளவு 577/408 ஆகும். அதன் வர்க்கம் 2-ஐவிட 1/166464 மாத்திரமே அதிகம். எவ்வளவு நுட்பம்! எனினும் அது 2 அன்று. எந்தப் பின்னத்தின் வர்க்கமும் 2 ஆகாது. நிரூபணத்திற்குக் கிரேக்கருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். முற்றும் சுருக்கிய ஒரு பின்னத்தின் வர்க்கம் 2 என்று வைத்துக்கொள்வோம். தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்திற்கு இருமடங்காதலால் தொகுதி இரட்டை எண். அவ்வாறாயின் தொகுதியின் வர்க்கம் நான்கால் வகுபடும். ஆகவே பகுதியும் இரட்டை எண்ணாகிவிடும். இரண்டும் இரட்டையாயின் அது சுருக்கிய பின்னம் எங்ஙனம் ஆகும்? இதைப் பின்பற்றப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அறிவு போதும். ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருப்பானேன்? எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் கற்பிக்கும்போதே காட்டலாம்.

இதைவிட விபரீதம் ஒன்றுண்டு. பை என்பது 22/7 என்று ஓர் உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதுகிறார். பை விகிதமுறா எண் என்று மறு வருஷம் வேறோர் உபாத்தியாயர் சொல்லுகிறார். பிள்ளை யாரை நம்புவான்? 499-ல் ஆரியபட்டர் 62832/20000 என்று சொல்லி, 'ஆஸன்னம்', அதாவது நெருங்கிய அளவு, என்ற ஒரு வார்த்தையையும் கூடவே வைத்தார். பை எந்தப் பின்னத்திற்கும் சமமாகாதென்று லாம்பெர்ட் நிரூபித்தது 1761-ல். ஆரியபட்டர் மறவாத அந்த ஒரு வார்த்தையை நம்மவர் கரும்பலகையில் எழுத மறப்பது வெட்கக்கேடு.

பரீட்சை அதிகாரிகளுக்கு நாம் சொல்வது இது: "விகிதமுறா எண்ணை வரையறு" என்ற கேள்வியை ஒரு வருஷம் நிறுத்தி வையுங்கள். "22/7 ஏன் பை ஆகாது?" என்று கேளுங்கள்.