அந்தக் கூற்று அங்கே என்ன செய்கிறது?

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிக்கும் நம் சகோதரிகள் நியாயத்தொடை விதிகளைத் தடங்கலின்றி ஒப்புவிப்பார்கள். ஒரு பந்தியைக் கொடுத்து, "இந்த வாக்கியம் இங்கே என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். "ஆகவே" எங்கே என்று கண்கள் தேடும். அது இல்லாவிட்டால் கடைசி வாக்கியத்தை முடிவாக்கிவிடுவோம். சோக்ரடீஸ் இறப்பவர் என்று எத்தனை தடவைதான் நிறுவுவது? நம் ஊர் வாதம் ஒன்றையே எடுத்துப் பார்ப்போம்.

"கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்கு வரக்கூடாது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தது பெருந்துயரம்தான். ஆனால் ஓரிடத்து ஆபத்தை இன்னோரிடத்துக்கு மாற்றுவது தீர்வாகாது. அருவக்காட்டை அண்டி வில்பத்துக் காடும் களப்பும் இருக்கின்றன."

இங்கே முடிவு முதல் வாக்கியம். கடைசி இரண்டும் எடுகூற்றுகள். மீதொட்டமுல்லை பற்றியது? அது முழு உண்மை, ஆனாலும் எடுகூற்று அல்ல. அதை எடுத்துவிட்டாலும் முடிவுக்குரிய ஆதாரம் குறையாது. எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வதே அதன் பணி. "தான்" என்ற சிறு சொல்லும் அடுத்து வரும் "ஆனால்" என்பதும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

அதே கூற்றை மறுதரப்பு சொல்லட்டும்: "மீதொட்டமுல்லையில் இத்தனை பேர் இறந்தார்கள், ஆகவே குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்." இப்போது அது எடுகூற்றாகிவிட்டது. உண்மை மாறவில்லை, பணி மாறிவிட்டது. கூடவே, சொல்லப்படாத கூற்று ஒன்றும் உள்ளே இருக்கிறது: அங்கே கொட்டினால் யாருக்கும் பாதிப்பில்லை என்பது. 2018, 2019இல் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கியது அந்தச் சொல்லாத கூற்றுக்கு எதிராகத்தான் என்பேன்.

இது நமக்குப் புதிய கலை அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஓர் இளம்பெண்ணுக்கு வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துச் சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை இருப்பது ஏது, அடுக்களை திட்டாந்தம். நிறுவ வேண்டியது அங்கே முதலிலேயே வந்துவிடுகிறது. உதாரணமோ சமையலறையிலிருந்து!

பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. "ஒலுவில் தூரம், அதனால் பிள்ளையைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியாது" என்று பல வீடுகளில் கேட்கிறோம். தூரம் என்பது எடுகூற்று. பொய்யல்ல, மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். ஆனால் தூரம் மட்டும் அந்த முடிவைத் தந்துவிடாது. இரண்டையும் இணைக்கும், சொல்லப்படாத கூற்று எது? நல்ல விடுதி கிடைக்காது என்பதா? செலவு தாங்காது என்பதா? பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்பதா? முதல் இரண்டையும் விசாரித்து அறியலாம். மூன்றாவதுதான் என்றால், வாப்பாவும் மகளும் எத்தனை நாள் தூரத்தைப் பற்றிப் பேசினாலும் பயனில்லை. அந்த மூன்றாவதைத்தான் பேச வேண்டும்.