நிலக்கரிக்கு ஒரு நீதி, நாவுக்கு ஒரு நீதியா?



நெய்வேலி மண் பழுப்பு நிலக்கரியை எளிதில் ஈந்துவிடவில்லை. மேலே மலையெனக் குவிந்த மண்; கீழே பீறிட்டெழும் ஊற்றுநீர். இரவு பகலாய் நீரை இறைத்து, மண்ணை அகற்றி, அதன் பின்னரே கரியின் முகத்தைக் கண்டனர். 1956-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே திங்களில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. "வேலை தெரிந்த ஆள் இங்கே இல்லையே" என்று கூறி அன்று எவரும் கைகட்டி நின்றுவிடவில்லை. ஏர் பிடித்த கைகளுக்கு எந்திரம் இயக்கக் கற்றுக் கொடுத்தனர். கரி வேண்டும் என்ற உறுதி இருந்தது, வழியும் பிறந்தது.

அதே மண்ணில், ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் புதைந்து கிடக்கும் சொல்லை வெளிக்கொணர வேண்டும் என்று கேட்டால் மட்டும், ஆயிரம் தடைகளை அடுக்குகிறார்களே, ஏன்?

யார் அந்தப் பிள்ளைகள்? செவிப்புலன் குன்றிப் பிறந்தவர், மூளை முடக்குவாதத்தால் வாயசைக்க இயலாதவர், ஆட்டிசம் உடையவர், அன்னப் பிளவோடு பிறந்தவர், திக்குவாய் உடையவர், காரணம் ஏதும் வெளிப்படத் தெரியாமலே மொழி வளர்ச்சியில் பின்தங்கியவர். இவர்களையெல்லாம் 'ஊமை', 'மந்தம்' என்ற இரண்டே சொற்களில் அடைத்து மூலையில் உட்கார வைத்தது இந்தச் சமுதாயம்!

பிள்ளை பேசவில்லையா? நாக்கில் வசம்பைத் தேய் என்றார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள் என்றார்கள். "அப்பனும் ஐந்து வயதில்தான் பேசினான், தானாக வரும்" என்று ஆறுதல் கூறினார்கள். ஓராண்டு நிறைவில் முதற்சொல், இரண்டாம் ஆண்டில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதல் என்பதே பெரும்பாலான பிள்ளைகளின் வளர்ச்சிப் போக்கு. அது தவறினால் உடனே செவியைச் சோதிக்க வேண்டும் என்கிறது மருத்துவம். மூளை மொழியை விரைந்து பற்றிக்கொள்ளும் தொடக்க ஆண்டுகளை வசம்பிலும் வேண்டுதலிலும் கரைத்துவிட்டால், இழந்த காலத்தை ஈடுசெய்யும் பாடு பன்மடங்காகும்.

'ஸ்பீச் தெரபி' எனப்படும் பேச்சு-மொழிப் பயிற்சி மந்திரமுமன்று, மாயமுமன்று. செவிக்கருவி பொருத்திய குழந்தைக்கு ஒலியைப் பிரித்தறியப் பழக்குகிறார் பயிற்சியாளர். மெல்லவும் விழுங்கவும் தெரியாத குழந்தைக்கு அதையும் கற்றுத் தருகிறார். வாய்ச்சொல் வராத பிள்ளைக்குப் படங்களைக் காட்டித் தன் தேவையை உணர்த்தும் வழியைத் திறக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிப்பாட்டும் போதும் சோறூட்டும் போதும் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் கற்பிக்கிறார். பயிற்சியாளரிடம் வாரத்தில் சில மணி நேரம். மீதிப் பயிற்சியெல்லாம் வீட்டில், தாய்மொழியில்! "வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள்; அப்போதுதான் பிள்ளை தேறும்" என்று அறிவுரை கூறுவோர்க்கு ஆராய்ச்சியின் துணை கிடையாது. கம்மாபுரத்துப் பிள்ளைக்குக் கம்மாபுரத்துத் தமிழே மருந்து.

இந்தப் பயிற்சி வாரந்தவறாமல், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். மந்தாரக்குப்பத்து ஒப்பந்தத் தொழிலாளி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கோ புதுச்சேரிக்கோ எத்தனை வாரம் செல்ல முடியும்? ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகிறது. நான்காம் வாரம் பேருந்துக் காசு தீர்கிறது, பயிற்சி நிற்கிறது. அப்போது அதிகாரி எழுதுகிறார்: "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை." வறுமையைக் குற்றமாக்கும் இந்த வாசகத்தை என்னென்பது!

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் பேச்சு-மொழிக் குறைபாடும் ஒன்று. அதன் 25-ஆம் பிரிவு, அரசு அறிவிக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டோர்க்கு, வசிப்பிடத்துக்கு அருகிலேயே, சிறப்பாகக் கிராமப்புறத்தில், கட்டணமற்ற மருத்துவ வசதி வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் குழந்தைகளையும் சோதித்தறிய வேண்டும் என்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை இந்தச் சோதனைக்கு வழி வகுத்தது. 'அருகிலேயே' என்ற சொல்லுக்கு நாற்பது கிலோமீட்டர் என்று எந்த அகராதி பொருள் கூறுகிறது?

நிதி இல்லை என்பார்கள். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. சிறப்புக் கல்வியும் மருத்துவமும் அந்தப் பட்டியலில் உள்ளவையே. நவரத்தினம் எனப் பெயர் பெற்ற நெய்வேலி நிறுவனம் அந்த நிதியிலிருந்து தருவது கருணைக் கொடையாகாது, சட்டக் கடமை. நிலம் கொடுத்த ஊர்களுக்கு நிறுவனம் பட்ட கடனும் அதுவே.

ஆள் இல்லை என்பார்கள். மைசூரில் அகில இந்தியப் பேச்சு-செவிப்புலன் நிறுவனம் தோன்றியது 1965-இல். அறுபது ஆண்டுகள் உருண்டோடிய பின்னும் ஆள் இல்லையென்றால், படிப்பு இடங்களையும் பணி இடங்களையும் பெருக்காதவர் யார்? நிலையான பணியும் தகுந்த ஊதியமும் தராமல், ஒப்பந்தக் கூலிக்கு ஆள் தேடினால் எவர் வருவார்?

தொண்டு உள்ளங்கள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். தொண்டரை வணங்குவோம். நெய்வேலிக்கு அண்மையிலே, வடலூரில், 1867-இல் இராமலிங்க அடிகள் பசித்தோர்க்காக மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஆயினும் ஏழைப் பிள்ளையின் பசியை அறச்சாலைகளிடம் மட்டும் விட்டுவிட்டோமா? 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது, 1982-இல் சத்துணவாக விரிந்தது, அரசின் பொறுப்பாயிற்று. வயிற்றுப் பசிக்கு அந்த நீதி என்றால், சொல்லுக்குத் தவிக்கும் நாவுக்கும் அதே நீதிதான்!

கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள், தோழர்களே. கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி ஒன்றியங்களில் நிலையான பேச்சுப் பயிற்சியாளர் எத்தனை பேர்? இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளின் செவி சோதிக்கப்பட்டது? அந்த 2 விழுக்காட்டில் இவர்களுக்குச் சேர்ந்தது எவ்வளவு? விடையை எழுத்தில் பெறுங்கள், ஊரறியப் படியுங்கள்.

தன் உரிமையைத் தானே கேட்க வாயற்ற பிள்ளைக்காக, வாயிருந்தும் நாம் கேட்காதிருந்தால், ஊமை என்ற அந்தப் பழிச்சொல் நமக்கன்றோ பொருந்தும்!